உன் தலை இருக்கும்போது கூரை எதுக்கு

“இடது பக்கமா, வலது பக்கமா?”

“தலை வலிக்குது. அவ்வளவுதான்.”

“அது தெரியுதுடி. எந்தப் பக்கம்னு கேக்குறேன்.”

“எந்தப் பக்கமா இருந்தா உனக்கென்னக்கா?”

“இடதுன்னா மழை சாயங்காலம் வரைக்கும் தாங்கும், வலதுன்னா உடனே இறங்கிடும்னு தொட்டிக்காரர் அடிச்சுச் சொல்றாரு. கண்ணுக்குப் பின்னாடி குத்துச்சுன்னா இடியோட வருமாம். மாடில நீலத் துணி முக்கால்வாசி காஞ்சிருக்கு. இப்பவே எடுக்கணுமா, டீ குடிச்சிட்டு எடுக்கலாமா? அத மட்டும் சொல்லிட்டுப் படுத்துக்கோ.”

துணி வைக்கும் அறையின் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தாள். இந்தப் பக்கம், மடித்து அடுக்கிய திரைச்சீலைகளின் மேல், ஈரத் துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு தங்கை கிடந்தாள். கதவின் அடி இடுக்கு வழியாக வந்த ஒரு விரல்கடை வெளிச்சமே அவள் கண்ணுக்குள் புகுந்து கிண்டியது. அக்காவின் குரல் அதைவிட மோசம். பதில் சொல்லாவிட்டால் அது நிற்காது என்று அவளுக்குத் தெரியும்.

“வலது,” என்றாள்.

உடனே படிகளில் செருப்புச் சத்தம் தடதடத்தது. மாடியில் அக்காவின் கணவர் குரல் கொடுப்பது கேட்டது. “ரேடியோ வலதுன்னு சொல்லிடுச்சு! சீக்கிரம், சீக்கிரம்!” கொடிகளிலிருந்து கிளிப்புகள் கழன்று விழுந்தன. கடைசித் துணி உள்ளே வரவும் மழை கொட்டத் தொடங்கவும் சரியாக இருந்தது. கீழே எல்லோரும் சிரித்தார்கள். யாரோ கைதட்டக்கூடச் செய்தார். அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் அவள் வலது பொட்டில் ஆணியாக இறங்கியது. ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அது நாடக அரங்குகளுக்கும் பள்ளிக்கூட மேடைகளுக்கும் திரைச்சீலை சாயம் போட்டுத் தரும் பட்டறை. நடத்துவது அக்கா. துணியைத் தூக்குவது, விரிப்பது, வண்டியில் ஏற்றுவது எல்லாம் அக்காவின் கணவர், தங்கைக்கு மாமா. சாயத்தொட்டிகளைக் கட்டி ஆள்பவர் தொட்டிக்காரர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தங்கையின் வேலை நிறம் பார்ப்பது. வாடிக்கையாளர் கொடுத்த துண்டுத் துணியையும் தொட்டியிலிருந்து வந்த துணியையும் விளக்கின் கீழ் அருகருகே பிடித்து, இன்னும் கொஞ்சம் கறுப்பு சேர்க்கணும், இல்லை, மஞ்சள் தூக்கலாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவள் சரி என்று சொன்ன நிறத்தை இதுவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

திரைச்சீலைகள் மிக நீளமானவை. உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பில் சாயம் திட்டுத் திட்டாகத் தேங்கிவிடும். ஆகவே மொட்டைமாடியில்தான் காயப்போட வேண்டும். காய்ந்து முடியும் முன் மழைத்துளி பட்டால் பட்ட இடமெல்லாம் புள்ளி. அந்தப் புள்ளி எதற்கும் போகாது.

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வந்த கதை இதுதான். சிறுவயது முதலே மழைக்கு முன் அவளுக்குத் தலை வலிக்கும். காற்று நின்று, ஊரே மூடிபோட்ட பாத்திரம்போல ஆகும்போது, மேகம் கண்ணில் படுவதற்கு முன்பே அவள் தலை அதை அறிந்துவிடும். பட்டறைக்கு வந்த புதிதில், தலை பிளக்கிறது, மழை வரும்போல என்று அவள் முனக, சொன்னபடியே வந்தது. அடுத்த முறையும் வந்தது. ஆரம்பத்தில் அவளுக்கே கொஞ்சம் பெருமைதான். வேறெதற்கும் உதவாத ஒரு வலி, இதற்காவது உதவுகிறதே என்று. பிறகு காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி “தலை எப்படி?” என்று ஆனது. வலிக்கிறது என்றால் அவர்களுக்கு முகம் மலர்ந்தது. நல்ல வேளை, சொன்னாளே.

“மாடில ஒரு கூரை போட்டுடலாம்க்கா,” என்று அவள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். “தகரம் வேணாம், வெளிச்சம் வர்ற மாதிரி ஷீட் போட்டாப் போதும்.”

“போடலாம் போடலாம்,” என்பாள் அக்கா. பக்கத்தில் மாமா இருந்தால் சிரித்துக்கொண்டே முடித்து வைப்பார். “உன் தலை இருக்கும்போது கூரை எதுக்கும்மா?”

அன்று நீலத் துணியைக் காப்பாற்றிக் கொடுத்த வலி இரண்டு நாள் அவளை விடவில்லை. முதல் நாள் வாந்தி. இரண்டாம் நாள், நிறம் பார்க்க உட்கார்ந்தவளுக்குக் கண்ணின் ஓரத்தில் உடைந்த கண்ணாடிபோல ஏதோ மினுங்கத் தொடங்கியது. கையிலிருந்த பச்சைத் துணியில் பாதியைக் காணோம். இருக்கிறது, ஆனால் இல்லை. அவள் பயந்துபோய் துணியைக் கீழே வைத்துவிட்டாள். கண்தானே அவளுடைய பிழைப்பு? தலையை ஊருக்கு எழுதி வைத்தாயிற்று, கண்ணையும் கொடுக்க முடியுமா? மறுவாரமே யாரிடமும் சொல்லாமல் நரம்பு டாக்டரிடம் போனாள்.

“சிரிக்காதீங்க டாக்டர். மழை வந்தா எனக்கு வலிக்கும்.”

டாக்டர் சிரிக்கவில்லை. “நெறைய பேர் சொல்றதுதான். காத்தோட அழுத்தம் சட்டுனு இறங்கினா சிலருக்கு வரும். புழுக்கத்துல வரும், கண்ணு கூசற வெயில்ல வரும். ஏன்னு இன்னும் முழுசா பிடிபடலை. மழைய நிறுத்துறதுக்கு என்கிட்ட மருந்தும் இல்லை.”

“அப்போ நான் எதுக்கு வந்தேன்?”

“சொல்றேன். வலி வந்த நாளெல்லாம் வேற என்ன நடந்துச்சு? நேரத்துக்குச் சாப்பிட்டீங்களா? தூங்கினீங்களா?”

அவள் யோசித்தாள். வேலை இருந்தால் காலைச் சாப்பாடு மதியத்தோடு சேர்ந்துவிடும். தண்ணீர் எப்போதாவது. அவள் மேஜைக்கு மேலே உள்ள ட்யூப்லைட் பல மாதமாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

“மழை தனியா வந்து உங்களச் சாய்க்கலம்மா. பசி, தூக்கமின்மை, அந்த லைட்டு, எல்லாத்தையும் துணைக்குக் கூட்டிட்டு வருது. துணைக்கு வர்றவங்கள நீங்க வாசல்லயே நிறுத்துங்க. மழை தனியா வந்தா கொஞ்சம் சமாளிக்கலாம்.” பிறகு மாத்திரையை எழுதினார். “இத வலி வந்து உக்காந்தப்புறம் போட்டா பாதி பலன்தான். வர்ற வழியிலயே மடக்கணும். ஆனா வாரத்துக்கு ரெண்டு நாளுக்கு மேல போடாதீங்க. அப்புறம் மாத்திரையே தலைவலியக் கூட்டிட்டு வந்துடும்.”

“வர்ற வழி எனக்கு எப்படித் தெரியும்?”

“உங்களுக்குத்தான் தெரியும். வலிக்கு முன்னாடி என்ன ஆகும்?”

கொட்டாவி. ஓயாத கொட்டாவி. பின்கழுத்து மரக்கட்டையாகும். இனிப்பாக எதையாவது தின்ன வேண்டும்போல் இருக்கும். இத்தனை வருடமும் அந்தக் கொட்டாவிகளுக்காக அக்காவிடம் திட்டு வாங்கியிருக்கிறாள் என்பது அந்த நாற்காலியில்தான் அவளுக்கு உறைத்தது.

அதன்பிறகு அவள் புது ஆளாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் பிடிவாதக்காரியாகிவிட்டாள். வேலை தலைக்குமேல் கிடந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் எழுந்துவிடுவாள். கையோடு தண்ணீர் பாட்டில். மாடிக்குப் போனால் பழுப்புக் கண்ணாடி, அகலத் தொப்பி. “வெளிநாட்டுக்காரி வந்துட்டா, ஓரமா நில்லுங்கப்பா,” என்பார் மாமா. விடுமுறை நாளிலும் அதே நேரத்துக்குப் படுத்து அதே நேரத்துக்கு எழுந்தாள். ட்யூப்லைட்டை மாற்றித் தரும்படி மாமாவிடம் கேட்டாள். நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். மூன்றாவது ‘நாளைக்கு’க்கு அவள் காத்திருக்கவில்லை. தானே ஸ்டூல் போட்டு ஏறி மாற்றினாள்.

வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. சில நாள் எல்லாவற்றையும் தாண்டி வந்து அடித்துப் போட்டது. ஆனால் பல நாள் வாசலோடு திரும்பிப் போனது. வானம் கறுத்துக் கொட்டும்போது, அவள் விளக்கின் கீழ் உட்கார்ந்து, கண்ணும் கையும் தன் வசத்தில் இருக்க, நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி முதன்முறை நடந்த அன்று, ஜன்னல் ஓரம் போய் நின்று மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மழையை அவள் அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை. எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதானே கிடந்தாள்?

அன்று மாடியில் இரண்டு சின்னத் துணிகள் நனைந்தன.

“ரேடியோவுக்கு பேட்டரி போச்சு,” என்றார் தொட்டிக்காரர்.

“போன்ல பாருங்கண்ணே. மழை வருமான்னு அதுல போடுவான்.”

“போனு தினமும்தான் மழைன்னு சொல்லுது. தினமும் துணிய உள்ள வச்சா அப்புறம் எப்பம்மா காயப்போடுறது? அது ஊருக்கெல்லாம் சேர்த்துச் சொல்லும். நீ நம்ம மாடிக்குன்னு சொல்லுவ.”

அவளும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். கொட்டாவி வந்தாலே சொல்லிவிட்டாள். உடனே துணிகளை வாரிக்கொண்டு இறங்கினார்கள். மழை வரவில்லை. மறுபடி கொட்டாவி, மறுபடி வாரினார்கள், வெயில் பல்லைக் காட்டியது. கொட்டாவி பசித்தாலும் வரும், அலுத்தாலும் வரும். மழைக்கென்று தனிக் கொட்டாவி இருக்கிறதா என்ன? “கொட்டாவிக்கெல்லாம் மாடிப்படி ஏற எனக்கு முட்டி இல்ல,” என்று மாமா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். தங்கை மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் அக்கா அவளைப் பார்த்தாள். தன் கைக்காசைக் கிணற்றில் போடுகிறவளைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

இந்தச் சமயத்தில்தான் புது அரங்கத்தின் திரை வந்தது. பட்டறை அதுவரை பார்த்திராத பெரிய திரை. மாதுளையின் பழுத்த தோலுக்கும் உலர்ந்த ரத்தத்துக்கும் நடுவில் ஒரு சிவப்பு கேட்டிருந்தார்கள். திறப்பு விழா அந்த வார இறுதியில். இது நன்றாக வந்தால் அவர்களுடைய மற்ற அரங்குகளின் வேலையும் கிடைக்கும். அக்கா சாப்பிடாமல் ஓடினாள், தூங்காமல் கிடந்தாள். தங்கை அந்தச் சிவப்புக்காகத் தொட்டிக்காரரைப் பாடாய்ப் படுத்தி, கடைசியில் ஒரு பிற்பகல், “இதுதான்,” என்றாள். தொட்டிக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவளுக்கு விசிறினார்.

மறுநாள் காலை, திரை பிழிந்து தயாராக இருந்தது. அவளுக்கு எழுந்தது முதலே கொட்டாவி. கழுத்தும் பிடித்திருந்தது. இரண்டு நாளாக வேலை அப்படி, பிடிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, துணி அறையில் கதவைச் சாத்திக் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். எழுந்தபோது தலை அத்தனை லேசாக இருந்தது. உடம்பில் தலை என்று ஒன்று இருப்பதே நினைவில்லாத லேசு. வெளியே வந்தவளை மாமா எதிரில் பிடித்துக்கொண்டார்.

“எப்படிம்மா இருக்கு தலை?”

குரலில் அப்படி ஒரு கரிசனம். மழைக்காக அல்லாமல் இந்த மனிதர் கேட்கக்கூட மாட்டார் என்று நினைத்தோமே என்று அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. “இறகு மாதிரி இருக்கு மாமா,” என்றாள் முகமெல்லாம் சிரிப்பாக. “இவ்வளவு நல்லா இருந்து எத்தனையோ நாளாச்சு.”

மாமா திரும்பி மாடியைப் பார்த்துக் கத்தினார். “தலை சுத்தமா இருக்காம்! விரிங்க!”

அவள் சாப்பிட உட்கார்ந்தாள். கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஜன்னல் தகரத்தின் மேல் யாரோ பயறு கொட்டியதுபோல் சத்தம் கேட்டது. வெயில் அடித்துக்கொண்டே இருந்தது. வெயிலிலேயே மழை. பெரிய பெரிய துளிகள். எல்லோரும் ஓடினார்கள். அவளும் ஓடினாள். அந்தப் பாரத்தை நான்கு பேர் சேர்ந்தாலும் சட்டென்று தூக்கிவிட முடியாது. தூக்கி முடித்தபோது மழையும் முடிந்துவிட்டது. மாதுளைச் சிவப்பு முழுவதும், மேலிருந்து கீழ்வரை, அம்மைத் தழும்புபோலப் புள்ளி விழுந்து கிடந்தது.

அக்கா குனிந்து ஒரு புள்ளியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“நல்லாருக்குன்னு சொன்னியேடி.”

“என் தலை நல்லாருக்குன்னு சொன்னேன்.”

“அதத்தானே அவரு கேட்டாரு!”

“என் தலையவா கேட்டாரு? வானத்தக் கேட்டாரு. வானத்தக் கேக்கணும்னா வானத்தப் பாத்துக் கேக்க வேண்டியதுதானே! அங்கதானே இருக்கு, தலைக்கு மேல!”

“மாத்திரை போட்டியா?”

“போட்டேன்.”

“போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விரிச்சிருப்பேனா?”

“கொட்டாவிக்குப் போட்டேன்க்கா. கொட்டாவிய நம்பாதன்னு நீங்கதானே சொன்னீங்க? வலின்னா சந்தோஷம். வலி இல்லன்னா குத்தம். நான் என்னதான் பண்ணட்டும்? வாந்தியெடுத்துக்கிட்டே வந்து சொன்னாத்தான் நம்புவீங்களா?”

“கொஞ்சம் மெதுவாம்மா...” என்றார் மாமா.

“நீங்க பேசாதீங்க மாமா. கேட்டீங்களேன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?” அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் தலை வலிக்கும் என்ற நினைப்பு வந்து, அழக்கூடச் சுதந்திரமில்லையே என்ற எரிச்சலில் இன்னும் வந்தது.

தொட்டிக்காரர்தான் முதலில் அசைந்தார். சாயத்தை உரித்தெடுத்து மறுபடி போடலாம், இன்று முழுக்க வேலை செய்தால் முடியும் என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் விளக்கின் கீழ் போய் உட்கார்ந்தாள். ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாமலே வேலை நடந்தது. மாலை மங்கும் நேரத்தில் மறுபடியும் அந்தச் சிவப்பு கிடைத்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இனி ஒரு நாள் வெயில் போதும். அந்த ஒரு நாள் நாளைதான், அதை விட்டால் திறப்பு விழாவுக்கு நாள் இல்லை.

பட்டறைக்குப் பின்னால் இருந்த தன் அறைக்கு வந்து படுத்தாள். விளக்குப் போடவில்லை. சற்று நேரத்தில் கதவு மெல்லத் திறந்தது. அக்கா. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர்.

“சாப்பிட்டியா?”

“ம்.”

“கோவமா?”

அக்கா அவள் நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கினாள். அம்மா போனபிறகு இந்தக் கைதான் அவளுக்குத் தலை பின்னி விட்டது. சாய வாசனை அதில் எத்தனை கழுவினாலும் போகாது.

“அது எப்படி இருக்கும்டி? அந்த வலி.”

தங்கை கண்ணைத் திறந்தாள். இதை யாரும் கேட்டதில்லை. எந்தப் பக்கம், எப்போது, எவ்வளவு நேரத்தில் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். எப்படி இருக்கும் என்று கேட்டதில்லை.

“கண்ணுக்குப் பின்னாடி ஒரு ஆளு உக்காந்து திருகாணி திருகுவான்,” என்றாள் மெதுவாக. “நாடி துடிக்கும்போதெல்லாம் ஒரு திருகு. திரும்பிப் படுத்தா ரெண்டு திருகு. நம்ம சாய வாசனைக்கே வாந்தி வரும். நீ கதவுக்கு வெளிய நின்னு பேசுவல்ல, உன் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வெளிச்சம் அடிக்கும்க்கா. உன்ன எனக்குப் பிடிக்காமப் போயிடும் அந்த நேரத்துல. அப்புறம் வலி போனதும், ஐயோ, அக்காவப் போயி இப்படி நினைச்சோமேன்னு இருக்கும். அது இன்னொரு ரெண்டு நாளு.”

அக்காவின் கை நின்றுவிட்டது. இருட்டிலும் அவள் கண் நிறைந்திருப்பது தெரிந்தது. “இவ்வளவுன்னு எனக்குத் தெரியாதுடி,” என்றாள். “நீயும் சொன்னதில்ல.”

“நீ கேட்டதில்ல.”

“ஆமா. கேட்டதில்ல.”

வெளியே தொட்டிகளைக் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தங்கைக்கு வருடக்கணக்காக நெஞ்சில் கிடந்த ஒரு கல் நகர்ந்ததுபோல் இருந்தது. அக்காவின் கையை எடுத்துத் தன் கன்னத்தின் கீழ் வைத்துக்கொண்டாள்.

“நாளைக்குக் கழுத்து பிடிச்சாலே உடனே சொல்லிடறேன்க்கா. சந்தேகமா இருந்தாலும் சொல்லிடறேன்.”

“கழுத்து உனக்கு தினமும்தான் பிடிக்குது.” அக்கா சிரிக்க முயன்றாள். “திரையச் சும்மா சும்மா தூக்கி இறக்கினா மடிப்பு விழுந்துடும். நாளைக்கு நிச்சயமாத் தெரியணும்.” கன்னத்தின் கீழிருந்த கை அசையவில்லை, ஆனால் இறுகியது. “நாளைக்கு உனக்கு நிறம் பாக்குற வேலை ஒண்ணும் இல்ல. நீ இங்கேயே படுத்திருக்கலாம். ஜன்னலுக்கு நான் கறுப்புத் துணி கட்டிடறேன். யாரையும் சத்தம் போட விடமாட்டேன். நானே பக்கத்துல உக்காந்திருக்கேன், சின்ன வயசுல உக்காருவேனே, அந்த மாதிரி. கூரை இந்த வருஷமே போட்டுடலாம், சத்தியமா. ஒரே ஒரு நாளு. நாளைக்கு மட்டும்... அந்த மாத்திரைய போடாம இருக்கியாடி?”